காலுக்கும் சில்லுக்கும் இடையே

தேர்த் திருவிழாவன்று வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானவர். ஆயினும், அந்தப் பெருந்தேர் வீதி மூலையில் திரும்ப வேண்டிய வேளையிலும், இருப்பிடத்துக்கு வந்து சேர வேண்டிய வேளையிலும், ஊராரின் கண்கள் நாடுவது வடம் பிடித்தவர்களை அல்ல. சில்லின் அருகே குனிந்தவாறு முட்டுக்கட்டையுடன் நடந்துவரும் ஓரிருவரையே. ஓடச் செய்வது பலரது வலிமை. நிற்கச் செய்வது சிலரது விழிப்பு.

மோட்டார் வண்டிக்கும் இந்த நியதி பொருந்தும். வண்டி வைத்திருப்போர் இயந்திரத்தைப் பற்றி ஓயாது பேசுவர். பெற்றோல் எத்தனை மைல் கொடுக்கிறது, இயந்திர எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, டயர் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்விகளுக்கு உடனே விடை தருவர். ஆனால், வண்டியை நிறுத்துகின்ற அந்தத் திரவம் கடைசியாக எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலோர் மௌனமாகிவிடுவர். அந்த மௌனத்தில் மறைந்திருக்கும் ஆபத்தே இப்பேச்சின் பொருள்.

கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பிரதேசத்தில் அமைந்த ஊர் ஜெயபுரம். இறுதிப் போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து, அதன் பின்னர் மீளக் குடியமர்ந்த மக்கள் வாழும் ஊர். 2011 ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின்பு, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ 32 வீதியில் போக்குவரத்துப் பெருகிற்று. இப்பகுதியில் ஒருவரிடம் கார் இருந்தால் அது அவருடைய வீட்டுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. நள்ளிரவில் பிரசவ வேதனை கொண்ட தாயை முழங்காவில் வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ கொண்டுசெல்வதும் அதே வண்டி. மறுநாள் விடியலில் பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஏற்றிச்செல்வதும் அதே வண்டி. நாள்தோறும் ஓடுகின்ற அத்தகைய வண்டியின் பிரேக் பழுதாயின், ஒரு குடும்பத்துக்கு மட்டுமன்றி ஓர் ஊருக்கே அது கேடாகும்.

வன்னி வீதிகள் நேரானவை, சமதரையானவை. அங்கே மேடு பள்ளம் குறைவு, வளைவுகளும் குறைவு. எனவே சாரதி மணிக்கணக்காகப் பிரேக்கைத் தொடாமலே ஓட்டுகிறார். திடீரென்று பற்றைக்குள்ளிருந்து ஒரு மாட்டுக் கூட்டம் வீதிக்கு ஏறுகின்றது. அந்தக் கணத்தில் அவருடைய பாதம் மிதியை அழுத்துகின்றது, வண்டி நிற்கின்றது. பாதத்துக்கும் சில்லுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன?

அடைக்கப்பட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் குறைவின்றி எல்லாப் பக்கங்களுக்கும் பரவும் என்னும் உண்மையை 17 ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கால் விளக்கினார். காரின் பிரேக் அந்த உண்மையின் மீதே இயங்குகிறது. மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் பிரதான உருளையில் உள்ள திரவம் அமுக்கப்படுகிறது. ஒடுங்கிய குழாய்கள் வழியே அவ்வழுத்தம் நான்கு சில்லுகளையும் அடைந்து, அங்குள்ள பிரேக் கட்டைகளைச் சுழலும் தட்டின்மீதோ உருளியின்மீதோ நெருக்குகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகையாற்றான் கால் கொடுத்த கட்டளை அப்படியே சில்லுக்குப் போய்ச் சேர்கிறது. காற்றையோ ஆவியையோ எளிதாகச் சுருக்கலாம். அவை குழாய்க்குள் புகுந்துவிட்டால் காலின் கட்டளை வழியிலேயே விழுங்கப்பட்டுவிடும். பிரேக்கைப் பற்றிய சாத்திரம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கும்.

திரவத்தால் இயங்கும் பிரேக்கை மோட்டார் வண்டிக்குப் பொருத்திக் காட்டியவர் அமெரிக்கரான மல்கம் லொக்கீட். 1921 ஆம் ஆண்டில் டியூசன்பேர்க் என்னும் அமெரிக்கக் கார் நான்கு சில்லுகளிலும் இத்தகைய பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. முற்காலத்தில் இத்தகைய பிரேக்குகளுக்குப் பயன்பட்ட திரவங்களுள் ஒன்று, ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்த கலவையாகும். நம்மவர் வைத்தியத்துக்கும் விளக்குக்கும் வைத்திருந்த ஆமணக்கெண்ணெய் மேல்நாட்டுக் கார்களின் பிரேக்குக்கும் உதவிற்று என்பது சுவையான செய்தியே. ஆனால் இன்று அந்தக் கலவை வழக்கில் இல்லை. இன்றைய பிரேக் திரவம் பெரும்பாலும் கிளைக்கோல் ஈதர் என்னும் இரசாயன வகையைச் சேர்ந்தது.

இங்கேதான் முதலாவது தவறு பிறக்கிறது. கராச்சிலும் கடையிலும் இதற்கு வழங்கும் பெயர் பிரேக் ஒயில். ஒயில் என்று பெயர் இருப்பதனால் அதுவும் ஓர் எண்ணெயே என்றும், அவசரத்துக்கு வேறோர் எண்ணெயை ஊற்றினால் குற்றமில்லை என்றும் சிலர் எண்ணிவிடுகின்றனர். அது எண்ணெயன்று, எண்ணெய்க்குப் பகையானது. இயந்திர எண்ணெய், ஸ்டியரிங் எண்ணெய் போன்ற கனிய எண்ணெய்களில் ஒரு சிறு அளவு பிரேக் திரவத்தோடு கலந்தாலும், உருளைகளுக்குள் இருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்து, மென்மையாகி, தம் இடத்திலேயே இறுகிக்கொள்ளும். அதன்பின் பிரேக் பிடித்தால் விடாது; அல்லது பிடிக்கவே பிடிக்காது. அவ்வாறு பழுதான தொகுதியில் றப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

வடபகுதிச் சாரதிகளின் கைத்திறன் உலகறிந்தது. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்ட பின், வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் அவர்கள். இல்லாமையை வென்ற அந்த அறிவைப் போற்றாதவர் இலர். ஆயினும், இயந்திரம் மன்னிக்கும் குற்றத்தைப் பிரேக் மன்னிப்பதில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் புகை கக்கும், இருமும், நின்றுவிடும்; நின்ற வண்டியால் எவருக்கும் தீங்கில்லை. மாற்று எண்ணெய் ஊற்றப்பட்ட பிரேக்கோ, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கைவிடும்.

அடுத்தது, எந்தத் திரவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது. போத்தல்களின் மேல் டொட் 3, டொட் 4, டொட் 5, டொட் 5.1 என்று பொறிக்கப்பட்டிருக்கும். டொட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துத் திணைக்களத்தைக் குறிக்கும் எழுத்துக்களின் சேர்க்கை. ஒவ்வொரு தரமும் எத்தனை பாகை வெப்பம் வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பதை அத்திணைக்களம் வரையறுத்துள்ளது. புதிதாகத் திறந்த டொட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரையும், டொட் 4 குறைந்தது 230 பாகை வரையும், டொட் 5, டொட் 5.1 ஆகியவை குறைந்தது 260 பாகை வரையும் கொதியாதிருக்க வேண்டும்.

ஆனால் இத்திரவத்துக்கு ஓர் இயல்புண்டு. மாரிகாலத்தில் மூடாமல் வைத்த உப்புக் கசிவதைப் போல, கிளைக்கோல் வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். கிண்ணத்தின் மூடியில் உள்ள சிறு துவாரம் வழியாகவும், சில்லருகே உள்ள றப்பர் குழாய்களின் ஊடாகவும் ஈரம் மெல்ல மெல்ல உட்புகும். எனவே, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலைக்கும் தனியாகக் கொதிநிலை வரையறுக்கப்பட்டுள்ளது. அந்நிலையில் டொட் 3 இன் எல்லை 140 பாகை, டொட் 4 இன் எல்லை 155 பாகை, டொட் 5.1 இன் எல்லை 180 பாகை. ஒரு லீற்றர் திரவத்தில் ஏழு தேக்கரண்டி நீர் சேர்ந்தால், டொட் 3 தன் தாங்கும் வலிமையில் 65 பாகையை இழந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இவற்றுள் எதை வாங்குவது? காரைச் செய்தவர்கள் எந்தத் தரத்தைக் குறித்திருக்கிறார்களோ அதையே வாங்க வேண்டும். அது கைநூலிலும் திரவக் கிண்ணத்தின் மூடியிலும் குறிக்கப்பட்டிருக்கும். இலங்கையில் ஓடும் யப்பானியக் கார்கள் பலவற்றின் மூடியில் யப்பானிய எழுத்துக்களோடு பி.எஃப். 3 என்ற குறியீடு காணப்படும்; அது டொட் 3 க்கு நிகரான யப்பானியத் தரம். டொட் 3 குறித்த காரில் டொட் 4 ஊற்றினாற் குற்றமில்லை. இரண்டும் ஒரே இனத்தவை, ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. ஆனால் டொட் 4 குறித்த காரில், விலை மலிவென்று டொட் 3 ஊற்றுதல் கூடாது. டொட் 5 என்பது முற்றிலும் வேறான சிலிக்கன் திரவம். எண் பெரிதாக இருப்பதனால் அது மேலானது என்று எண்ணி அதை வாங்குவோர் ஏமாறுவர். அது மற்றவற்றோடு கலவாது. 5 க்கும் 5.1 க்கும் இடையில் உள்ள சிறு புள்ளி, இரண்டு வேறு பொருள்களைப் பிரிக்கும் வேலி என்பதை மறத்தலாகாது.

வாங்கும் முறையிலும் கவனம் தேவை. பெரிய தகரத்திலிருந்து ஊற்றிக் கொடுக்கப்படும் சில்லறைத் திரவம் எத்தனை நாளாகத் திறந்து கிடந்தது என்பதை எவர் அறிவார்? முத்திரை உடையாத சிறிய போத்தலே உத்தமம். சாதாரணக் கார் ஒன்றுக்கு ஒரு லீற்றர் அளவு போதும். மீந்ததை அடுத்த ஆண்டுக்கென்று அலுமாரியில் வைப்பது சிக்கனமாகாது.

இவ்வளவும் கேட்ட வன்னிச் சாரதி ஒருவர் புன்னகையுடன் ஒரு வினா எழுப்பக்கூடும்: "எட்டு வருடமாகத் திரவம் மாற்றவில்லை. நாள்தோறும் கிளிநொச்சிக்குப் போய் வருகிறேன். பிரேக் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லையே!" அவர் சொல்வது பொய்யன்று. சமதரையில் எப்போதாவது ஒருமுறை மிதிக்கப்படும் பிரேக் அதிகம் சூடேறுவதில்லை. அங்கே 140 பாகையும் ஒன்றுதான், 230 பாகையும் ஒன்றுதான். ஆகவே பழைய திரவத்தின் குற்றத்தைச் சமவெளி மூடி மறைத்துவிடுகிறது.

மறைத்ததை வெளிப்படுத்துவது மலை. வன்னியின் குடியேற்றங்களில், 1977 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் பல. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ, மரணச் சடங்குக்கோ, சீதாஎலியவில் கோயில் தரிசனத்துக்கோ அவர்கள் மலைநாடு செல்கின்றனர். கார் நிறைய ஆட்கள், கூரைமேல் மூட்டைகள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி சுமார் 1,300 மீற்றர் கீழே வருகிறது. ஆட்களோடு 1,500 கிலோகிராம் நிறையுள்ள கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமானால், அது ஏழு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முற்றாக ஆவியாக்கிவிடும். இயந்திரமும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்கும். மிதியைவிட்டுக் காலை எடுக்காமலே இறங்குபவரின் வண்டியில் எஞ்சியது அத்தனையும் பிரேக் கட்டைகளின் தலையிலே விழும்.

அப்போது சில்லருகே உள்ள திரவம் கொதிக்கத் தொடங்குகிறது. அதில் கலந்திருந்த நீர் ஆவியாகிறது. ஆவி சுருங்கும் தன்மையது. சாரதி மிதியை அழுத்துகிறார். மிதி எதிர்ப்பின்றித் தரைவரை இறங்குகிறது. வண்டியின் வேகம் குறையவில்லை. எட்டு ஆண்டுகளாகக் கைவிடாத பிரேக், கைவிடக்கூடாத ஓரிடத்தில் கைவிடுகிறது. இதில் இன்னுமொரு கொடுமை உண்டு. சிறிது நேரம் சென்று எல்லாம் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். மிதியும் பழைய உறுதியைப் பெற்றுவிடும். பின்னர் பரிசோதிப்பவர் பிரேக்கில் ஒரு குறையையும் காணமாட்டார். பழி முழுவதும் சாரதியின் தலையில் விழும்.

அத்தகைய வேளையில் செய்யக்கூடியவை சில உண்டு. மிதியை விட்டுவிட்டு விரைவாகப் பலமுறை அழுத்தினால் ஓரளவு அழுத்தம் திரும்பக்கூடும். கியரைப் படிப்படியாகக் குறைத்து இயந்திரத்தால் வேகத்தைத் தணிக்கலாம். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் கம்பியால் இயங்குவது. திரவத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அதனை ஒரேயடியாக இழுக்காமல், மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் வந்தபின் காப்பவை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் பழைய சாரதிகளின் விதியும், உரிய காலத்தில் மாற்றிய திரவமுமே வருமுன் காப்பவை.

மலைநாட்டுக்கே போகாத கார் தப்பிவிடுமா எனில், அதுவும் இல்லை. உட்புகுந்த நீர் உருளைகளின் உட்சுவரில் துரு பிடிக்கச் செய்கிறது. துருவின் முனை றப்பர் வளையத்தை அறுக்கிறது, திரவம் கசிகிறது. ஓடாத கார்களுக்கும் இது பொருந்தும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் வாரக்கணக்காக எத்தனையோ கார்கள் முற்றத்தில் நின்றன. நின்ற வண்டியின் டயர் தேயவில்லை. ஆனால் திரவம் ஈரத்தை ஈர்ப்பதை நிறுத்தவில்லை. மேலும், 2020 முதல் தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இலங்கையர் பலர் பழைய கார்களையே பேணிக் காக்கின்றனர். வயது முதிர்ந்த காருக்கு இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். கைநூல் வேறு காலம் குறிப்பிடாவிடில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கமாகும். கருநிறம் அடைந்த திரவம் பழையது என்பது தெளிவு. ஆனால் நிறம் வெளுப்பாக இருப்பதனாலேயே அது நல்லதென்று முடிவு செய்யலாகாது. நீருக்கு நிறமில்லை.

கிண்ணத்தில் அளவு குறைந்தவுடன் மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுதல் ஆகாது. பிரேக் கட்டைகள் தேயத் தேய அளவு சிறிது சிறிதாகக் குறைவது இயல்பு. அளவு விரைவாகக் குறையுமாயின் எங்கோ கசிவு இருக்கிறது. அதை நிரப்பி மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பாகும்.

மாற்றும் முறை கடினமானதன்று. ஆனால் பொறுமையும் இருவரும் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அணை கொடுக்க வேண்டும். கிண்ணத்தைச் சுற்றித் தூசியைத் துடைத்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். வன்னியின் செம்புழுதி ஒரு துகள் விழுந்தாலும் கேடு. கிண்ணத்திலுள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்ப வேண்டும். கைநூலில் வேறு ஒழுங்கு கூறப்படாவிடின், பிரதான உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குவது வழக்கம். இலங்கைக் கார்களில் அது பின்பக்க இடது சில்லாகும். அங்குள்ள சிறு திருகில் ஒளிபுகும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது திரவம் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்த வேண்டும். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைத் தளர்த்துவார். பழைய திரவம் வெளியேறும். திருகை இறுக்கிய பின்னரே மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் காற்று உள்ளே புகும். குமிழியின்றித் தெளிந்த புதுத் திரவம் வரும்வரை இவ்வாறு செய்து, பின் அடுத்த சில்லுக்குச் செல்ல வேண்டும்.

இவ்வேளையில் இரண்டு எச்சரிக்கைகள் முக்கியமானவை. முதலாவது, கிண்ணம் ஒருபோதும் வெறுமையாகக் கூடாது. இரண்டாவது, பழைய கார்களில் மிதியைத் தரைவரை அழுத்தாதிருக்க, அதன் கீழே ஒரு மரத்துண்டை வைத்தல் நன்று. பிரதான உருளையின் பயன்படாத பகுதியிலுள்ள துரு அங்குள்ள றப்பரைக் கிழித்துவிடக்கூடும். பூட்டாத பிரேக் எனப்படும் ஏ.பி.எஸ். பொருத்திய புதிய கார்களுக்குச் சில வேளைகளில் தனிக் கருவி தேவைப்படும். அவற்றைத் தகுந்த திருத்துநரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

வேலை முடிந்ததும் மிதி உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்திப் பிடிக்கையில் மெல்லக் கீழிறங்கிச் சென்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பிரதான உருளையின் றப்பர் தேய்ந்திருக்கிறது. முதல் ஓட்டம் ஆளில்லாத வெளியில், மிக மெதுவாக நிகழ வேண்டும். காரின் வர்ணப்பூச்சில் திரவம் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். இல்லாவிடில் பூச்சு உரிந்துவிடும். இத்திரவம் உள்ளே சென்றால் நஞ்சாகும். ஆதலால் அதைச் சோடாப் போத்தலில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைப்பது பெருங்குற்றம். கழித்த திரவத்தை வளவில் ஊற்றுவதும் தகாது. கிணற்று நீரை நம்பி வாழும் வன்னியில், மண்ணில் ஊற்றியது ஒருநாள் குடத்துக்குள் வந்துவிடலாம்.

ஒரு போத்தல் திரவத்தின் விலை ஒரு டயரின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவதும் பெரிய இழப்பன்று. திரவம் மாற்றிய நாளையும் தரத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மூடியருகே ஒட்டிவைத்தால், அடுத்த முறை எவரையும் கேட்க வேண்டியதில்லை. நள்ளிரவில் படலையில் நின்று காருக்காகக் கூப்பிடும் அயலவர் அந்தத் துண்டுக் கடதாசியைப் பார்த்து ஏறுவதில்லை. சாரதி பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையிலேயே ஏறுகிறார். தேருக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் வைத்து நடப்பவர் முட்டுக்கட்டைக்காரரை நம்புவதும் அவ்வாறே. அந்த நம்பிக்கைக்கு உரியவராய் இருத்தல் வண்டி வைத்திருப்பவரின் கடன்.